நூற்றுக்கு நூறு வாங்கிய சுவர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டும் தற்செயல். உட்கார்ந்து, யோசித்து, மூன்று சுற்றுத் தேநீர் குடித்து, தீர்மானம் போட்டுக் கண்டுபிடித்த ஒரே பொருள் ‘செயல்திறன் இலக்கு’. அதைப் பழைய சுவர்களுக்கு நிர்ணயித்த பெருமை மரபுக் கட்டடப் பாதுகாப்புத் துறைக்கே உரியது. நிர்ணயித்ததோடு நிற்காமல் ஒரே ஆண்டில் நூற்றுக்கு நூறு வாங்கியும் காட்டியது. பள்ளிக்கூடத்தில் அவ்வளவு வாங்கியவர்கள் யாரும் அங்கே வேலை பார்க்கவில்லை என்பதை நினைத்தால் சாதனையின் உயரம் புரியும்.

இலக்கு வருமுன் துறை எவ்வளவு இருளில் கிடந்தது என்பதற்கு விரிசலக்கா ஓர் உதாரணம். அவளுக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அலுவலகத்தில் யாரும் திரும்ப மாட்டார்கள், அவள் உட்பட. துறையின் பொறுப்பில் முப்பத்தொரு கட்டடங்கள். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அவற்றின் விரிசல்களைப் பார்ப்பது அவள் வேலை. விரிசலின் இரண்டு கரையையும் தொடுகிற மாதிரி, விரல் நீளக் கண்ணாடிச் சில்லு ஒன்றைக் குறுக்கே வைத்துச் சிமெண்டால் ஒட்டிவிடுவாள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் சில்லு பட்டென்று உடையும். உடையாவிட்டால் பதிவேட்டில் ‘மாற்றமில்லை’ என்று எழுதிவிட்டு இறங்குவாள். பதினோரு வருஷமாக எழுதிய வார்த்தை. “உன் பொண்ணு நல்லா வளர்ந்துட்டாளே” என்று யாராவது சொன்னால்கூட வாய் தவறி “மாற்றமில்லை” என்பாள்.

இந்த அவலத்தைத் துடைக்க ஓர் இலக்கு நிபுணர் வரவழைக்கப்பட்டார். கோழிப் பண்ணைகளில் பேரெடுத்தவர். ஒரு கோழிக்கு வருஷத்துக்கு இருநூற்றெண்பது முட்டை என்று இலக்கு வைத்து, இருநூற்றெண்பத்தொன்று வாங்கியவர். கடைசி முட்டையைக் கோழிதான் போட்டதா என்று யாரும் கேட்கவில்லை. வெற்றி பெற்றவர்களிடம் அதையெல்லாம் கேட்பது நாகரிகமில்லை.

கூட்ட அறையில் ஆணையர் நடுவில், நிபுணர் வலப்பக்கம், தலைமை எழுத்தர் இடப்பக்கம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விரிசலக்காவின் முறை வந்தது.

“நீங்க என்ன பண்றீங்க?” என்றார் நிபுணர்.

“சுவர் அசையுதான்னு பார்க்கறேன் சார்.”

“அசைஞ்சா?”

“கண்ணாடி உடையும்.”

“பதினோரு வருஷத்துல எத்தனை உடைஞ்சிருக்கு?”

“நாலு.”

நிபுணர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார். “அப்படின்னா பதினோரு வருஷத்துல நாலு நாள் வேலை செஞ்சிருக்கீங்க. மீதி நாள்?”

“மீதி நாள் உடையலை சார்.”

“அதைத்தான் கேக்கறேன். அன்னிக்கெல்லாம் எதுக்கு வந்தீங்க?”

“உடையலைன்னு பார்க்கறதுக்கு.”

ஆணையர் நாற்காலியில் நெளிந்தார். இப்படியொரு சோம்பல் தன் துறையில் பதினோரு வருஷம் ஏணி ஏறிக்கொண்டிருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

“ஒண்ணும் பிரச்சினையில்லை. காலாண்டுக்கு இருபது கண்ணாடி உடையணும்னு இலக்கு வெச்சிடலாம்” என்றார் நிபுணர்.

தலைமை எழுத்தர் இருமினார். “சார், கண்ணாடி உடைஞ்சா சுவர் விழப்போகுதுன்னு அர்த்தம்.”

“ஓ. அப்ப உடையவே கூடாதுன்னு வெச்சுக்கலாம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

இப்படித்தான் அந்த வரலாற்று இலக்கு பிறந்தது: ‘உடையாத கண்ணாடி – நூறு சதவீதம்.’ வரவேற்பறையில் முப்பத்தொரு விளக்குகள் கொண்ட பெரிய பலகை மாட்டப்பட்டது. கண்ணாடி முழுசாக இருந்தால் பச்சை, உடைந்தால் சிவப்பு. முப்பத்தொரு கட்டடங்களின் நெற்றியிலும் ‘நல்ல நிலையில் உள்ளது – அரசு உத்தரவுப்படி’ என்று பச்சைத் தகரப் பலகை அடிக்கப்பட்டது. உத்தரவுப்படி நல்ல நிலையில் இருப்பது சுவர்களுக்குப் புது அனுபவம். பெரும்பாலானவை ஒத்துழைத்தன.

ஒத்துழைக்காதது பழைய நிறுவைக் கூடம்.

ஒரு காலத்தில் மூட்டைகளை எடைபோட்ட கட்டடம். அதன் மேற்குச் சுவரில், கூரையிலிருந்து வாசல் வளைவின் தோள் வரை ஒரு விரிசல் இறங்கியிருந்தது. அதன்மேல் பதினேழாம் எண் கண்ணாடி. இலக்கு வந்த மூன்றாம் வாரம் விரிசலக்கா ஏறிப் பார்த்தபோது கண்ணாடி, நகம் வெட்டின மாதிரி நேராக இரண்டாகியிருந்தது. அந்தச் சுவரை ஒட்டி, அதே வளைவுக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட ஒரே ஒரு கடை இருந்தது. தையல் கடை. தைத்துக்கொண்டிருந்தவள் அவள் கூடப்பிறந்த தங்கை.

இறங்கின கையோடு உள்ளே போனாள்.

“கடையைக் காலி பண்ணுடீ.”

“ஏன், உனக்கு வேணுமா?”

“சுவர் நகருது.”

“எங்க நகருது? காலையிலேருந்து இங்கதான் இருக்கு.”

“கண்ணாடி உடைஞ்சிருக்குடீ.”

“வீட்டுல டம்ளர் உடைஞ்சா என்னைச் சொல்லுவே. இங்க கண்ணாடி உடைஞ்சா சுவரைச் சொல்றே.” தங்கை வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, வெளியே பச்சைப் பலகையைக் காட்டினாள். அதன் ஆணியில்தான் அளவு நாடாவை மாட்டிவைப்பாள். “அதுல என்ன எழுதியிருக்கு, படி.”

“நல்ல நிலையில் உள்ளது.”

“யாரு எழுதினது?”

“நாங்கதான்.”

“அப்புறம்? பள்ளிக்கூடம் திறக்க ஒரு மாசம்தான் இருக்கு. முந்நூத்தி நாப்பது பாவாடை கெடக்கு. நீ சொல்றேன்னு மெஷினைத் தூக்கிட்டுத் தெருவுல உக்காரவா? ஒண்ணு, சுவருக்கு முட்டுக் குடு. இல்ல, ‘நாங்க எழுதினது தப்பு’ன்னு முத்திரை வெச்சு ஒரு தாள் கொண்டா. அடுத்த நிமிஷம் எழுந்து வரேன்.”

நியாயமான கோரிக்கைதான். எட்டு முட்டு மரம், அல்லது ஒரு தாள். விரிசலக்கா அதற்காக அலுவலகம் போனாள். உலகத்தில் சிலருக்கு இன்னும் அப்படியொரு நம்பிக்கை இருக்கிறது.

வரவேற்பறைப் பலகையில் ஒரு சிவப்பு எரிந்ததும் துறை துள்ளி எழுந்தது. அன்று மாலையே ‘உடைந்தது எது?’ என்பதைக் கண்டறிய ஐவர் குழு கூடியது. குழுவில் யாரும் நிறுவைக் கூடத்துக்குப் போகவில்லை. போனால் முடிவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

“உடைஞ்சது கண்ணாடியா, சுவரா?” என்றார் குழுத் தலைவர்.

“கண்ணாடி சார்” என்றாள் விரிசலக்கா.

“சுவர் உடையலையே?”

“உடையறதுக்கு முன்னாடி சொல்றதுக்குத்தான் சார் கண்ணாடி.”

“முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாடி ஏன் சொல்லணும்? உடைஞ்சப்புறம் சொன்னா போதாதா?”

கண்ணாடி ‘மன உறுதி குறைந்தது’ என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. புதுக் கண்ணாடி ஒட்டப்பட்டது. நாலாம் நாள் அது உடைந்தது. கனமான கண்ணாடி ஒட்டப்பட்டது. அது இரண்டே நாளில். மூன்றாவது கூட்டத்தில் துணை ஆணையருக்கு ஞானம் பிறந்தது. கண்ணாடிக்குப் பதில், வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டை.

சுவர் நகர்ந்தது. பட்டை வளைந்தது. இன்னும் நகர்ந்தது. பட்டை இன்னும் வளைந்து, கும்பிடு போடுகிற ஆள் மாதிரி நின்றது. உடையவில்லை. வரவேற்பறையில் விளக்கு பச்சையானது. அந்தப் பட்டையின் புகைப்படத்தைப் பார்த்த துணை ஆணையருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன பணிவு பாருங்க! ஊழியர்கள்கிட்ட நாம எதிர்பார்க்கறது இதைத்தான்.”

விரிசலக்காவிடம் அந்தப் பணிவு இல்லை. ‘பழைய நிறுவைக் கூட மேற்குச் சுவருக்கு எட்டு முட்டு மரங்கள் உடனே தேவை’ என்று ஒரு தாளில் எழுதி, தபால் வரவுப் பிரிவில் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டாள். எழுதினதுகூடப் பரவாயில்லை. முத்திரை போட்டது பெரிய பிழை. முத்திரை விழுந்த தாள் பிறந்த குழந்தை மாதிரி; திருப்பி உள்ளே அனுப்ப முடியாது.

“இலக்குக்கு முட்டுக்கட்டை போடறியேம்மா” என்றார் தலைமை எழுத்தர். நல்ல மனுஷர், உண்மையிலேயே வருத்தப்பட்டார். “முட்டுக் குடுத்தா சுவர் சரியில்லைன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. குடுக்கலைன்னா, கேட்டும் குடுக்கலைன்னு ஆயிடும். ரெண்டு பக்கமும் அடிக்கற மத்தளமாக்கிட்டியே எங்களை.”

“குடுத்துடுங்க சார். என் தங்கச்சி அடியில உக்காந்திருக்கா.”

“தங்கச்சி இலக்குல இல்லையேம்மா.”

மறுபடி கூட்ட அறை. நிபுணர் கணக்குப் போட்டுச் சொன்னார். “ஒரு கட்டடம் சரியில்லைன்னா தொண்ணூத்தாறு புள்ளி ஏழு ஏழு.” சாவுச் செய்தி கேட்ட மாதிரி ஆணையர் தலையில் கைவைத்தார். அவரே தொடர்ந்தார். “பதறாதீங்க. எங்க பண்ணையில முட்டை போடாத கோழியை என்ன பண்ணுவோம் தெரியுமா?”

“வைத்தியம்?” என்றார் ஆணையர்.

“கணக்குலேருந்து எடுத்துடுவோம்.”

இருவரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். முப்பத்தொன்றில் ஒன்று போனால் முப்பது. முப்பதும் பச்சை. முப்பதுக்கு முப்பது நூறு. இதற்காகவா இத்தனை நாள் தூக்கம் கெட்டோம் என்று ஆணையர் சிரித்தார்.

ஆனால் ஒரு சிறு சிக்கல். மரபுப் பட்டியலிலிருந்து ஒரு கட்டடத்தை நீக்க வேண்டுமானால் அது பழையது என்பதற்குச் சான்று இருக்கக்கூடாது. நிறுவைக் கூடத்தைப் பற்றிய ஆவணங்கள் துறையின் நேரடிப் பாதுகாப்பில் இருந்ததால் கரையான் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்தது. மிச்சம் ஒரே சான்று. வாசல் வளைவின் உச்சியில், கட்டிய ஆண்டு வெட்டிய கல்.

“அந்தக் கல்லை எடுத்துட்டா?” என்றார் ஆணையர்.

“வயசு தெரியாத கட்டடம். யாரு வேணா யாரு வயசை வேணா மறைக்கலாம், சட்டத்துல தடையில்லை” என்றார் தலைமை எழுத்தர்.

மூலையில் நின்ற விரிசலக்கா, கூப்பிடாமலே முன்னால் வந்தாள். “சார், அந்தக் கல்லுதான் வளைவைப் பூட்டி நிறுத்தறது. அதை உருவினா வளைவு இறங்கும். வளைவு இறங்கினா மேல இருக்கற மொத்தச் சுவரும்…”

“அவ்வளவு முக்கியமான கல்லா அது?”

“ஆமா சார்!”

ஆணையர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். “அப்பேர்ப்பட்ட கல்லையா இத்தனை காலம் வெயில்லயும் மழையிலயும் போட்டு வெச்சிருந்தோம்! உடனே எடுத்துட்டு வந்து நம்ம வரவேற்பறையில வெல்வெட் விரிச்சு வைங்க. பாதுகாப்புத் துறைன்னு பேரு வெச்சுக்கிட்டு நமக்கே தோணலை பாருங்க.”

குறிப்பேட்டில் ‘ஊழியரின் ஆலோசனை ஏற்கப்பட்டது’ என்று பதிவாயிற்று.

கல்லை எடுக்கும் நாள் காலை பதினொன்றேகாலுக்கு, கல் போய்விட்டதாகவே பாவித்து, ஆணையர் நீக்க உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அந்த நொடியில் நிறுவைக் கூடம் மரபை இழந்து வெறும் செங்கல் ஆனது. பதினொன்றரைக்கு ஒப்பந்தக் கொத்தனார் வந்து வளைவை அண்ணாந்து பார்த்தார். கல்லைச் சுற்றிச் சங்கிலி கட்டி, சங்கிலியின் மறுமுனையைத் தெருமுனையில் நின்ற லாரியில் மாட்டினார். பிறகு தானும் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“ஏன்யா அவ்ளோ தூரம்?” என்றார் உடன் வந்த உதவிப் பொறியாளர்.

“எனக்கு ரெண்டு பொண்டாட்டி சார். அவங்ககிட்டயே உசிரோட தப்பிச்சு வந்தவன். இந்தக் கல்லுகிட்ட உசிரை விட மாட்டேன். கயிறு கட்டி, தெருவை அடைச்சு, ஒரு பலகை வைங்க சார்.”

“எச்சரிக்கைப் பலகையா? வெச்சா ‘அபாயம்’னு பொருள்படும். ஏற்கெனவே ஒரு பலகை இருக்கு பாருங்க, நல்ல நிலையில் உள்ளதுன்னு. நீக்கின கட்டடத்துலேருந்து அதைக் கழட்டத் தனி உத்தரவு வரணும்.”

விரிசலக்கா அலுவலகத்தில் கையெழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஏணியைக்கூட எடுக்காமல் ஓடி வந்தாள். கடைக்குள் தங்கை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முடித்த பாவாடைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன.

“எந்திரிடீ, கல்லை உருவப் போறாங்க!”

“தாள் கொண்டாந்தியா?”

“தாள் எங்கடீ குடுப்பாங்க…”

“அப்ப போ. இன்னும் பதினெட்டு பாவாடைதான். உன் பயம் உனக்கு, என் பாவாடை எனக்கு.”

வெளியே லாரி உறுமியது. பதினோரு வருஷம் நிதானமாக ஏணி ஏறிய பெண்ணுக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து அந்த யோசனை வந்ததோ தெரியாது. குனிந்து, தையல் மெஷினின் தோல் பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து உருவினாள். உருவின வேகத்தில் வாசலைத் தாண்டினாள்.

“ஏய்! பெல்ட்டு! அடியே திருடீ!” தங்கை கையில் கத்தரிக்கோலோடு பின்னாலேயே பாய்ந்தாள். “நீயெல்லாம் ஒரு அக்காவா! பொழப்பைக் கெடுக்கறதுக்குன்னே அம்மா உன்னை முதல்ல பெத்தா!”

அக்கா முன்னால், பெல்ட் காற்றில், தங்கை பின்னால். லாரியைத் தாண்டினார்கள். கொத்தனாரைத் தாண்டினார்கள். உதவிப் பொறியாளர், அரசு ஊழியர் ஒருவர் பணி நேரத்தில் ஓடுவதை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்து வாயைப் பிளந்தார். சங்கிலி விறைத்தது. கல் ஒரு பல்லைப் போல வெளியே வந்தது.

சுவர் கொஞ்சம் யோசித்தது. பிறகு உட்கார்ந்தது.

தூசி அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. தங்கை திரும்பி வந்து நின்றாள். கடை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் செங்கல். இடுக்கில் ஒரு நீலப் பாவாடையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். கத்தரிக்கோலைச் செங்கல்மேல் வைத்தாள்.

“பெல்ட்டைக் குடு” என்றாள்.

“மெஷினே இல்லையேடீ.”

“குடுக்கா. என் பெல்ட்டு.”

விரிசலக்கா கொடுத்தாள். தங்கை அதை வாங்கி மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

துறையின் விசாரணை முன்னுதாரணமான வேகத்தில் நடந்தது. ஒன்று: இடிந்த மரபுக் கட்டடங்கள் – இல்லை. நீக்கியது பதினொன்றேகால், விழுந்தது பன்னிரண்டு பத்து. இடைப்பட்ட ஐம்பத்தைந்து நிமிடம் அது யாருடைய சுவரும் இல்லை. இரண்டு: உடைந்த அளவுப் பட்டைகள் – இல்லை. இடிபாட்டிலிருந்து மீட்ட பிளாஸ்டிக் பட்டை முழுசாக இருந்தது. மூன்று: உயிரிழப்பு – இல்லை. இது துறையின் ‘தொலைநோக்குத் திட்டமிடலால்’ சாத்தியமானது. இலக்கு நூறு சதவீதம். ஆணையருக்குக் கேடயம், நிபுணருக்குப் பொன்னாடை. அவரை அடுத்து மருத்துவமனைகளுக்கு இலக்கு நிர்ணயிக்க அழைத்திருக்கிறார்கள். கணக்கிலிருந்து எடுக்க அங்கே நிறைய இருக்கிறதாம். கல், வரவேற்பறையில் வெல்வெட்டின்மேல் சௌகரியமாக இருக்கிறது. அதில் வெட்டிய ஆண்டைப் படித்துப் பார்க்கிறவர்கள் “எந்தக் கட்டடத்தோடது?” என்று கேட்கிறார்கள். ‘வயது தெரியாத கட்டடம்’ என்று கீழே எழுதியிருக்கிறது.

நூறு சதவீத மகிழ்ச்சியில் ஒரே ஒரு கரும்புள்ளி. அதைத் துடைக்க விரிசலக்காவுக்கு ஒரு விளக்கம் கேட்பு ஆணை போயிற்று. தங்கையின் பழைய கடைக்கு மாற்றுக் கடை கேட்டு அவள் எழுதிய மனு நிலுவையில் இருந்தது. விளக்கம் திருப்தியாக இருந்தால்தான் அது பரிசீலிக்கப்படும் என்றும் அதிலேயே கண்டிருந்தது.

‘சம்பவத்தன்று தாங்கள் பணி நேரத்தில், பிறருக்குச் சொந்தமான தோல் பெல்ட்டுடன், பொதுத் தெருவில் ஓடியதாகத் தெரியவருகிறது. சுவர் விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே அவ்வாறு ஓடியிருப்பதால், சுவர் விழப்போவது தங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்று கருத இடமிருக்கிறது. ஆணையர் முதல் கடைநிலை ஊழியர் வரை இத்துறையின் அறுபத்திரண்டு பேரில், தகுதி வாய்ந்த பொறியாளர்கள் ஒன்பது பேர் உட்பட, வேறு எவருக்கும் தெரியாத ஒன்று தங்களுக்கு மட்டும் எவ்வாறு தெரிந்தது என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கவும்.’

விரிசலக்கா மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஆணையின் கீழேயே, மிச்சமிருந்த இடத்தில், பதினோரு வருஷம் ஒரே வார்த்தை எழுதிப் பழகிய அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

‘போய்ப் பார்த்தேன்.’

ஆணையர் அதை இரண்டு முறை படித்தார். இவ்வளவு பெரிய குற்றத்தைக் கையெழுத்துப் போட்டு ஒருவர் ஒப்புக்கொண்டது அந்தத் துறையின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை.